'போறேன்' என்று சொல்லக் கூடாதா?

உங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்கள் விடைபெற்றுக் கிளம்பும் நேரம். பெரியவர்கள் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகும் வாசலில் நின்று அரைமணி நேரம் பேசுகிறார்கள். அவர்களோடு வந்த மூன்று வயதுச் சிறுமிக்குப் பொறுமை போய்விட்டது. "பாட்டி, நான் போறேன்" என்கிறாள். உடனே உங்கள் பாட்டி, "அப்படிச் சொல்லக் கூடாது கண்ணு, போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்கிறார். சிறுமி விழிக்கிறாள். அவள் இப்போது திரும்பி வரப்போவதில்லை, ஊருக்குத்தான் போகிறாள். போகிறவள் 'போறேன்' என்றால் அதில் என்ன தவறு?

இலக்கணப்படி ஒரு தவறும் இல்லை. 'போ' என்ற பகுதியோடு நிகழ்காலம் காட்டும் இடைநிலையையும், 'நான்' என்பதற்குப் பொருத்தமான விகுதியையும் சேர்த்து அவள் ஒரு வினைமுற்றை உருவாக்கியிருக்கிறாள். பகுபத உறுப்பிலக்கணம் என்று வகுப்பில் படித்து நாமெல்லாம் தலையைச் சொறிந்துகொள்கிறோமே, அந்த வேலையைப் பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்காத ஒரு குழந்தை செய்து முடித்துவிட்டது. பாட்டி திருத்தியது இலக்கணத்தை அல்ல. விடைபெறும் வேளையில், வீட்டுப் பெரியவரிடம், அந்தச் சொல் தகுமா என்பதைத்தான் திருத்தினார்.

ஒரு மொழியைப் பேசத் தெரிய வேண்டுமானால் இந்த இரண்டும் வேண்டும். சொற்களைச் சேர்த்து வாக்கியம் ஆக்கத் தெரிய வேண்டும். அந்த வாக்கியத்தை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்றும் தெரிய வேண்டும். முதலாவதைப் பற்றி உலகமெங்கும் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதைக் குழந்தை எங்கே, எப்படிக் கற்கிறது என்ற ஆராய்ச்சி சூடு பிடித்தது 1970களில்தான். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இலக்கணத்தை யாரும் திருத்துவதில்லை

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் பிரவுன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு நீண்ட வேலையைத் தொடங்கினார். மூன்று குழந்தைகளின் வீடுகளுக்கு அவருடைய குழுவினர் ஒலிப்பதிவுக் கருவியோடு போவார்கள். குழந்தையும் பெற்றோரும் பேசுவதையெல்லாம் பதிவு செய்வார்கள். இப்படி மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில், பதிவு செய்து அத்தனையையும் எழுத்தில் பெயர்த்தார்கள். நினைத்துப் பாருங்கள், ஒரு மணி நேர மழலையை எழுத்தில் பெயர்க்க எத்தனை மணி நேரம் ஆகும்!

இந்தப் பதிவுகளைக் கொண்டு பிரவுனும் கமீல் ஹன்லான் என்பவரும் ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள். குழந்தை இலக்கணப் பிழையோடு பேசும்போது பெற்றோர் திருத்துகிறார்களா? 1970இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. பெற்றோர் இலக்கணத்தைக் கண்டுகொள்வதே இல்லை! குழந்தை சொன்னது உண்மையா, பொய்யா என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு குழந்தை தன் அம்மாவைக் குறித்து, 'அவன் ஒரு பெண்' என்று சொல்வதுபோல ஆண்பால் சொல்லைப் போட்டுச் சொன்னபோது, தாய் 'சரிதான்' என்றார். அம்மா பெண் என்பது உண்மைதானே!

இதை நம் வீட்டிலும் பார்க்கலாம். "அம்மா வந்தான்" என்று குழந்தை கத்தினால், "ஆமா, அம்மா வந்துட்டாங்க" என்று சொல்லி எல்லோரும் மகிழ்வார்களே தவிர, வினைமுற்றின் விகுதி தவறு என்று யாரும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. அதே குழந்தை தாத்தாவைப் பார்த்து "வாடா" என்று சொல்லட்டும். வீட்டில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் திருத்துவார்கள். (திருத்தியபின் உள்ளே போய்ச் சிரிப்பார்கள் என்பது வேறு விஷயம்.)

இலக்கணம் தானே வந்து சேரும் என்று விட்டுவிடும் பெற்றோர், முறையாகப் பேசுவதை மட்டும் விடாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு", "தேங்க்ஸ் சொன்னியா?", "பெரியவங்களை நீங்கன்னு சொல்லணும்", "டாட்டா காட்டு." நாள் ஒன்றுக்கு எத்தனை 'சொல்லு'!

பையை நீட்டி நின்ற குழந்தைகள்

இந்தச் 'சொல்லு' வைப் பற்றி முதன்முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் பெர்கோ கிளீசன். அமெரிக்காவில் அக்டோபர் 31ஆம் நாள் மாலை ஹாலோவீன் என்ற கொண்டாட்டம் நடக்கும். பிள்ளைகள் பேய், சூனியக்காரி, கரடி என்று வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கதவு திறந்ததும் "ட்ரிக் ஆர் ட்ரீட்!" என்று கத்த வேண்டும். 'இனிப்புத் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?' என்று பொருள். இனிப்பு கிடைத்ததும் நன்றி சொல்ல வேண்டும். பிறகு விடைபெற வேண்டும்.

கதவுக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, வருகிற பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கிளீசனும் சாண்ட்ரா வைன்ட்ராபும் பதிவு செய்தார்கள். 1976இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். மிகச் சிறிய குழந்தைகள் வாயே திறக்கவில்லை. பையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்கள். நான்கைந்து வயதுப் பிள்ளைகள் "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று சொல்லிவிட்டு, இனிப்பை வாங்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள். அதைவிடப் பெரியவர்கள் நன்றியையும் சேர்த்துக்கொண்டார்கள். பத்து வயதைத் தாண்டியவர்கள்தாம் முழுச் சடங்கையும் குறையில்லாமல் செய்தார்கள். ஆக, மூன்றே மூன்று வாக்கியங்கள் உள்ள ஒரு சிறு உரையாடல், முழுதாக வந்து சேர ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன.

சிறு பிள்ளைகளுக்குப் பின்னால் தோட்டத்து இருட்டில் பெற்றோர் நின்றுகொண்டிருந்தார்கள் அல்லவா? அவர்கள் என்ன செய்தார்கள்? "என்ன சொல்லணும்? சொல்லு!" என்று தூண்டிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று அவர்கள் விளக்கவில்லை. நன்றி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு குழந்தை நன்றி சொல்வதில்லை. முதலில் சொல்லப் பழகுகிறது. பொருள் பின்னால் வருகிறது. 'பந்து', 'பால்' போன்ற சொற்களைக் கற்பதற்கு இது நேர்மாறாக இருக்கிறது பார்த்தீர்களா?

கிளீசன் இதோடு நிற்கவில்லை. எஸ்தர் கிரைஃப் என்பவருடன் சேர்ந்து இன்னொரு சோதனை செய்தார். ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வரப்பட்ட 22 குழந்தைகளுக்கு ஒருவர் பரிசுப் பொருள் கொடுப்பார். வரும்போது வணக்கம் சொல்வார், போகும்போது விடைபெறுவார். இந்த மூன்றிலும், குழந்தைகள் பிறர் தூண்டாமல் தாமாகச் சொன்னது மிகக் குறைவாக இருந்தது நன்றியைத்தான். தந்தையரைவிடத் தாய்மார்களே தாங்களும் அதிகமாக நன்றி சொன்னார்கள் என்பதும் 1980இல் வெளியான அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. 'சொல்லு' என்று கேட்பதோடு நிற்காமல், சொல்லியும் காட்டினார்கள்.

இந்தச் 'சொல்லு' ஒரு விந்தையான கட்டளை. "வணக்கம்னு சொல்லு" என்று அம்மா சொன்னால், புதிதாகப் பேசக் கற்ற குழந்தை சில வேளை "வணக்கம்னு சொல்லு" என்று முழுவதையும் திருப்பிச் சொல்லும். எதுவரை அம்மாவின் பேச்சு, எது தான் சொல்ல வேண்டிய பேச்சு என்று பிரித்தெடுப்பது எளிதன்று.

ஏப்பமும் ஒரு பதில்தான்

அப்படியானால் முறையாகப் பேசுவது என்பது வெறும் பயிற்சிதானா? கிளிப்பிள்ளைக்குச் சொல்லித் தருவது போலவா? இல்லை. 'சொல்லு' என்ற கட்டளை வருவதற்கு வெகு முன்பே ஒரு பெரிய வேலை தொடங்கிவிடுகிறது.

இங்கிலாந்தில் சில தாய்மாரும் அவர்களுடைய மூன்று மாதக் குழந்தைகளும் 'பேசிக்கொள்வதை' காத்தரின் ஸ்னோ என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். 1977இல் வெளியான அவருடைய கட்டுரையைப் படித்தால் சிரிப்பு வரும். குழந்தை ஏப்பம் விட்டால் தாய் அதற்கு ஒரு பதில் சொல்கிறார். கொட்டாவி விட்டால் "தூக்கம் வந்துவிட்டதா?" என்கிறார். புன்னகைத்தால் அதற்கும் ஒரு கேள்வி. குழந்தை எதுவும் செய்யாவிட்டால், அதன் பங்கையும் தாயே பேசிவிடுகிறார்! ஆனால் ஏழு மாதம் ஆனபோது தாய்மார் கொஞ்சம் கண்டிப்பாகிவிட்டார்கள். இப்போது ஏப்பம் செல்லாது. 'பாபா', 'தாதா' போன்ற தெளிவான ஒலி வந்தால்தான் அது பதிலாக ஏற்கப்பட்டது. விலை மெல்ல மெல்ல ஏறுகிறது.

நம் வீடுகளில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு "பாப்பா எங்கே? காணோமே!" என்று விளையாடுகிறோம். இதுவும் ஓர் உரையாடல்தான். ஒருவர் செய்ய, மற்றவர் காத்திருக்க, பிறகு முறை மாறும். ஜெரோம் புரூனர் என்ற உளவியல் அறிஞர் ஆக்ஸ்போர்டில் இருந்தபோது இந்த விளையாட்டையே மாதக்கணக்கில் கவனித்தார். முதலில் பார்த்துச் சிரிக்க மட்டும் செய்த குழந்தை, பிறகு ஒரு நாள் துணியைத் தானே பிடுங்கித் தன் முகத்தை மூடிக்கொள்கிறது. கேட்பவர் பேசுபவர் ஆகிவிட்டார்!

பேச்சு வருமுன்பே குழந்தை விரலால் பேசுகிறது. எலிசபெத் பேட்ஸ் என்ற அமெரிக்கரும், இத்தாலிய ஆய்வாளர்களான லூயிஜியா கமாயோனி, வர்ஜீனியா வொல்தெர்ரா ஆகியோரும் 1975இல் இதில் ஒரு நுட்பத்தைச் சுட்டிக்காட்டினார்கள். குழந்தை விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 'அதை எடுத்துக் கொடு.' இன்னொன்று, 'அதோ பார்!' நிலாவை யாராலும் எடுத்துக் கொடுக்க முடியாது. ஆனாலும் குழந்தை நிலாவைச் சுட்டி, நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. தான் கண்டதை நாமும் காண வேண்டும் என்பது தவிர அதற்கு வேறு ஆதாயம் இல்லை.

நேரத்தையும் கவனியுங்கள். பெரியவர்கள் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையில் உள்ள இடைவெளி, சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஜப்பானியர் கொஞ்சம் வேகம், டேனிஷ் மொழியினர் கொஞ்சம் நிதானம், அவ்வளவே. ஒரு சொல்லை மனத்தில் தேடி எடுத்து வாயால் சொல்லவே இதைவிட அதிக நேரம் ஆகும். அதாவது, மற்றவர் பேசி முடிக்குமுன்பே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். சின்னக் குழந்தைகளால் இது முடியாது. கேட்டு, புரிந்து, சொல்லைத் தேடி, வாயைத் திறப்பதற்குள் நாம் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். "உன் பேர் என்ன? சொல்ல மாட்டியா? வெட்கமா?" அதற்கு வெட்கம் இல்லை, நாம்தான் பொறுக்கவில்லை.

தொலைக்காட்சி கற்றுத் தந்த மொழி

பேச்சைக் கேட்டாலே போதும், பதில் சொல்ல ஆள் வேண்டியதில்லை என்றால் என்ன ஆகும்? இதை யாரும் வேண்டுமென்றே சோதித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் வாழ்க்கையே அப்படி ஒரு சூழ்நிலையை ஒரு சிறுவனுக்கு அமைத்துவிட்டது. ஜாக்குலின் சாக்ஸ் என்பவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1981இல் அதை எழுதினார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த அச்சிறுவனின் தாயும் தந்தையும் காது கேளாதவர்கள். இருவரும் தமக்குள் சைகை மொழியில் பேசிக்கொண்டார்கள். ஆனால் மகனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதால் அவனிடம் சைகை மொழியைப் பயன்படுத்தவில்லை. அவன் ஆங்கிலம் கேட்டதெல்லாம் பெரும்பாலும் தொலைக்காட்சியிலிருந்துதான். மூன்றே முக்கால் வயதில் ஆய்வாளர்கள் அவனைச் சந்தித்தார்கள். அவனுக்குச் சொற்கள் தெரிந்திருந்தன. ஆனால் வாக்கியங்கள் தாறுமாறாக இருந்தன. அந்த வயதுக் குழந்தை பேசும் முறையில் அவை இல்லை. பிறகு ஒருவர் அவனுடன் உட்கார்ந்து முறையாகப் பேசத் தொடங்கியதும் அவன் பேச்சு விரைவாகத் தேறியது.

இங்கே ஒன்றைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. சைகை மொழி குறையுள்ள மொழி அல்ல. அதற்கும் முழு இலக்கணம் உண்டு. பெற்றோர் அம்மொழியில் பேசினால் குழந்தை அதில் தங்குதடையின்றி வளரும். அச்சிறுவனுக்குக் கிடைக்காமல் போனது ஒலி அன்று. எதிரே இருந்து பதில் சொல்லும் ஆள்தான். தொலைக்காட்சிப் பெட்டி நாளெல்லாம் பேசும். நீங்கள் சொன்னது புரியாவிட்டால் "என்ன சொன்னாய்?" என்று அது கேட்காது.

பின்னாளில் சியாட்டில் நகரில் பட்ரீஷியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். சீன மொழி பேசுபவர்கள் 12 முறை வந்து, அம்மொழியில் பேசி விளையாடினார்கள். அக்குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களை அதே அளவு நேரம் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. 2003இல் வெளியான முடிவு இது. அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அமர்த்தும் வீடுகளுக்கு இதை வாசித்துக் காட்டலாம் என்று எனக்கு ஆசை உண்டு.

பொம்மைகள் சொன்ன உண்மை

சுவிட்சர்லாந்தின் பெரும் அறிஞர் ஜான் பியாஜே 1923இல் வெளியிட்ட நூலில், சின்னக் குழந்தைகளின் பேச்சு பெரும்பாலும் தன்னையே மையமாகக் கொண்டது, கேட்பவரின் நிலையை அது எண்ணிப் பார்ப்பதில்லை என்று கூறினார். இதில் உண்மை உண்டு. தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்று அத்தை கேட்டால் குழந்தை பேசாமல் தலையை ஆட்டுகிறதே, நீங்களே பார்த்திருப்பீர்கள். தான் தலையாட்டுவது அத்தைக்குத் தெரியாது என்பது அதற்குத் தோன்றுவதில்லை.

ஆனால் பியாஜே குழந்தைகளைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும். 1973இல் மரிலின் ஷாட்ஸ், ரோச்செல் கெல்மன் என்ற இருவர் நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று பெரியவர் ஒருவருக்கும், இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கும் விளக்கச் சொன்னார்கள். பெரியவரிடம் நீளமாகப் பேசிய அதே குழந்தை, சின்னக் குழந்தையிடம் சிறுசிறு வாக்கியங்களாகப் பேசியது. 'இங்கே பார்', 'இதைப் பார்' என்று கவனத்தை இழுத்துப் பிடித்தது. இதை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எலிசபெத் பேட்ஸ் செய்த மிட்டாய்ச் சோதனை இன்னும் சுவையானது. இத்தாலியக் குழந்தைகளிடம் ஒரு கிழவிப் பொம்மையைக் காட்டி, "இந்தப் பாட்டியிடம் மிட்டாய் கேள்" என்பார்கள். குழந்தை கேட்கும். "பாட்டி தருவாராம், ஆனால் இன்னும் கொஞ்சம் நயமாகக் கேட்க வேண்டுமாம்" என்பார்கள். இப்போது என்ன செய்வது? மிகச் சிறியவர்கள் அதே வாக்கியத்தைக் குரலைத் தணித்துச் சொன்னார்கள், அல்லது 'தயவுசெய்து' என்பதைச் சேர்த்தார்கள். வயது ஏற ஏற வாக்கியமே மாறியது. கட்டளை கேள்வியாயிற்று, கேள்வி விருப்பமாயிற்று. நம் ஊர்க் குழந்தை "மிட்டாய் குடு" என்று தொடங்கி, "குடுங்க பாட்டி" என்று போய், ஆறு வயதில் "எனக்கு மிட்டாய்னா ரொம்பப் பிடிக்கும்" என்று கூரையைப் பார்த்துச் சொல்கிறதே, அந்தப் பயணம்தான் அது.

எலைன் ஆண்டர்சன் என்பவர் கையில் மாட்டும் பொம்மைகளைக் கொடுத்து, நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளை அப்பா, அம்மா, டாக்டர், ஆசிரியர் என்று பேச வைத்தார். அப்பா பொம்மை தாழ்ந்த குரலில் நேராகக் கட்டளை இட்டது. அம்மா பொம்மை சுற்றி வளைத்துக் கேட்டது. இன்னார் இன்னாரிடம் இப்படித்தான் பேசுவார் என்பதைப் பிள்ளைகள் கூர்ந்து கவனித்து வைத்திருக்கிறார்கள். டீச்சர் விளையாட்டு ஆடும் உங்கள் தங்கையைக் கதவோரம் நின்று கேளுங்கள். உங்கள் பள்ளி ஆசிரியையின் குரல் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

ஊருக்கு ஒரு முறை

முறையாகப் பேசுவது என்றால் பணிவாகப் பேசுவது என்று இதுவரை படித்ததிலிருந்து நீங்கள் முடிவு கட்டியிருக்கக் கூடும். பாப்புவா நியூகினி நாட்டின் மழைக்காட்டில் போசாவி மலையடிவாரத்தில் வாழும் கலூலி மக்களிடம் போவோம். 1970களில் பாம்பி ஷீஃபெலின் அங்கே தங்கி ஆராய்ந்தார்.

கலூலித் தாய்மார் கைக்குழந்தையோடு கொஞ்சு மொழி பேசிக்கொண்டிருப்பதில்லை. குழந்தை 'மிருதுவானது', அதற்கு இன்னும் விவரம் தெரியாது என்பது அவர்கள் எண்ணம். குழந்தையைத் தம் முகத்தை நோக்கிப் பிடிக்காமல் வெளிப்புறம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, அதற்காகத் தாமே மெல்லிய குரலில் மற்றப் பிள்ளைகளிடம் பேசுவார்கள். 'அம்மா', 'முலை' என்ற இரண்டு சொற்களைக் குழந்தை சொன்ன பிறகுதான் மொழி தொடங்கிவிட்டதாகக் கருதுவார்கள். அன்று முதல் 'எலெமா' என்ற சொல் வீட்டில் ஓயாமல் ஒலிக்கும். 'இப்படிச் சொல்' என்பது அதன் பொருள். ஆம், நம் 'சொல்லு' தான்! ஆனால் என்ன சொல்லச் சொல்கிறார்கள் தெரியுமா? 'அது உன்னுடையதா?', 'நீ யார்?' என்று பிறரை அதட்டிக் கேட்கச் சொல்கிறார்கள். தன் பங்கை வாய்விட்டுக் கேட்டு வாங்கத் தெரியாதவன் அந்தச் சமூகத்தில் பிழைக்க முடியாது.

ஜப்பானுக்கு வாருங்கள். அங்கே இரண்டு வயதுக் குழந்தைகளின் வீடுகளில் பாட்ரீஷியா கிளான்சி ஒலிப்பதிவு செய்தார். கையில் ஆரஞ்சுப் பழத்தோடு இருக்கும் குழந்தையிடம் தாய், விருந்தினரைக் காட்டி, 'அக்காமாரும் சாப்பிட வேண்டும் என்கிறார்கள்' என்கிறார். விருந்தினர் வாய் திறக்கவே இல்லை! பிறர் சொல்லாததையும் குறிப்பறிந்து கேட்கும் காதை அந்தத் தாய் பழக்குகிறார்.

நம் மொழியின் கடினம் வேறு வகை. எல்லோரும் குழந்தையை 'நீ' என்கிறார்கள். குழந்தை மட்டும் பெரியவர்களை 'நீங்க' என்று சொல்ல வேண்டும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னால் தவறாகிவிடும். கொங்கு நாட்டில் குழந்தையையும் "வாங்க கண்ணு" என்று அழைப்பார்கள். அங்கே கணக்கு மறுபடியும் மாறும். அம்மா அப்பாவை "என்னங்க" என்று அழைப்பதைக் கேட்டு, மகனும் "என்னங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டு வீட்டைச் சிரிக்க வைத்த கதை பல குடும்பங்களில் உண்டு. இன்னாரை இன்னார் எப்படி அழைப்பது என்ற உறவுக் கணக்கு முழுவதையும் ஒரு குழந்தை பள்ளி சேருமுன் போட்டு முடிக்கிறது.

'போறேன்' கதைக்கும் இப்போது விடை கிடைத்துவிடும். நன்னூலில் தகுதி வழக்கு என்று படித்திருப்பீர்கள். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என அது மூன்று வகைப்படும். 'விளக்கை அணை' என்னாமல் 'குளிர வை' என்பது மங்கலம். 'போறேன்' என்பதற்கு ஒரேயடியாகப் போவது என்ற நிழல் விழுவதால் 'போயிட்டு வர்றேன்' என்கிறோம். பவணந்தி முனிவர் எழுத்தில் வகுத்த விதியை உங்கள் பாட்டி வாசலில் நின்று நடத்திக்கொண்டிருக்கிறார்.

சிலருக்குக் கடினம்

எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஒரே வேகத்தில் வருவதில்லை. சொற்கள் நிறையத் தெரிந்தும், இலக்கணம் சுத்தமாக இருந்தும், இந்தப் பகுதி மட்டும் பிடிபடாதவர்கள் உண்டு. "மணி என்ன தெரியுமா?" என்றால் "தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு இது அன்றாட அனுபவம். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவரைத் திமிர் பிடித்தவர் என்றோ, கேலி செய்கிறார் என்றோ மற்றவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்ட கேள்விக்கு அவர் நேர்மையாகப் பதில் சொன்னார், அவ்வளவுதான். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் அறிஞர், தாமும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கும் அவர்களைப் புரியவில்லையே, புரியாமை இரண்டு பக்கமும் உள்ளதுதானே என்று கேட்டார்.

நீங்களும் பதிவு செய்யலாம்

இந்தியாவின் தொடக்ககாலக் கணிப்பொறிகளில் ஒன்றான டிஃப்ராக்கை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். கணிப்பொறி அறிஞரான அவர், மனிதன் மொழியை எப்படிக் கற்கிறான் என்பதிலும் மூழ்கிப்போனார். அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தை தன் வீட்டாரோடு பேசியதை, ஒன்பதாம் மாதம் முதல் 33ஆம் மாதம் வரை பதிவு செய்தார்கள். உலகக் குழந்தைகளின் பேச்சைத் திரட்டி வைத்திருக்கும் 'சைல்ட்ஸ்' என்ற தொகுப்பில் அந்தத் தமிழ் மழலையும் இடம்பெற்றிருக்கிறது.

உங்களுக்கு அவ்வளவு வசதி வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். வீட்டிலோ தெருவிலோ உள்ள இரண்டு மூன்று வயதுக் குழந்தை ஒன்றை, வீட்டாரிடம் சொல்லிவிட்டு, நாளுக்குக் கால் மணி நேரம் கவனியுங்கள். பெரியவர்கள் எத்தனை முறை 'சொல்லு' என்கிறார்கள்? குழந்தை எத்தனை முறை சொல்கிறது? தூண்டாமல் சொன்னது எது? ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருந்தால் பதில் கூடுகிறதா? நாளையும் குழந்தையின் வயதையும் மாதக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை சொன்னதை நீங்கள் திருத்தி எழுதிவிடாதீர்கள், சொன்னபடியே எழுதுங்கள்.

என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. என் தங்கை மகளுக்கு இரண்டே முக்கால் வயதாக இருந்தபோது, ஒருமுறை நாங்கள் அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். "மாமாவுக்குச் சொல்லு, சொல்லு" என்று நான்கு பேர் கெஞ்சியும் அவள் வாயைத் திறக்கவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். எங்கள் ஆட்டோ தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகு, வெறும் தெருவைப் பார்த்து, "போயிட்டு வர்றேன்" என்று கைகாட்டினாளாம். தங்கை அன்றிரவே தொலைபேசியில் சொன்னாள். வீட்டில் இருப்பவள் சொல்ல வேண்டியது 'போயிட்டு வாங்க' என்பது அவளுக்குப் பிடிபட இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. நோட்டில் தேதி இருக்கிறது.